அளவான விபத்து

சினிமா நட்சத்திரங்களின் கேரவனில் ஏ.சி., ஆளுயரக் கண்ணாடி, கழிப்பறை எல்லாம் இருக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக் கேரவனில் இலவம்பஞ்சு மெத்தை, ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு, மாமியாரின் இட்லிக் கொப்பரை, இழுத்தால் பாதி வழியில் நின்று யோசிக்கும் பக்கவாட்டுக் கதவு ஆகியவை உண்டு. 2012 மாடல் மாருதி ஆம்னி. தமிழ்ப் படங்களில் ஆள் கடத்துவதற்கென்றே பிறவி எடுத்த வண்டி. 1984-இல் சந்தைக்கு வந்தது, 2019-இல் உற்பத்தி நின்றுபோனது. கடத்தல்காரர்கள் இப்போது என்ன செய்கிறார்களோ, நாங்கள் பின் சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, மெத்தையை விரித்துக்கொண்டு குற்றாலம், இருக்கன்குடி, குலதெய்வம் கோயில் என்று சுற்றி வருகிறோம்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்தால் திருத்தங்கலில் எங்கள் வீட்டுத் திண்ணை கோர்ட்டாகிவிடும். வெறும் தேர்ட் பார்ட்டி போதுமா, ஃபுல் இன்சூரன்ஸ் போடுவதா? ஆம்னியின் எஞ்சின் 796 சி.சி. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய் என்று 2022-இல் நிர்ணயித்தார்கள். அதன்மேல் வரி. இதில் பேரம் பேச முடியாது. ஃபுல் என்றால் மேற்கொண்டு ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். அந்த ஆயிரம்தான் வழக்கு.

வாதி என் மாமனார். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுகிற ஊர் இது. கன்னி ராசிக்கு ஜனவரி மூன்றாம் தேதி 'அலைச்சல்' என்று ஆகஸ்டிலேயே அச்சாகிவிடும். தன் கையாலேயே அடுக்கிக் கட்டி அனுப்பியவர் என்பதால் மாமாவுக்கு ராசிபலனில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் பிரீமியம் என்பது பேங்கில் போட்ட பணம், என்றைக்கானாலும் திரும்ப வர வேண்டும் என்பதில் அசைக்க முடியாத நம்பிக்கை.

"இந்த வருஷமும் ஒண்ணும் ஆகலையே மாப்ள, கட்டுன காசு தண்டம்" என்பார். வண்டிக்கு ஒன்றும் ஆகாத வருஷமெல்லாம் அவர் கணக்கில் நஷ்டம்.

ஏஜென்ட் அண்ணாச்சி வந்து உட்கார்ந்ததும் பாலிசியை எடுத்து எதற்கெல்லாம் பணம் வரும் என்று மாமா படிக்கச் சொல்வார். தீ, வெடிவிபத்து, இடி மின்னல், திருட்டு, கலவரம், வெள்ளம், நிலச்சரிவு. வண்டியை ரயிலிலோ படகிலோ விமானத்திலோ ஏற்றிப் போகும்போது சேதமானாலும் உண்டு. லிஃப்டில் கொண்டுபோகும்போது ஆனாலும் உண்டு. இது நிஜமாகவே அச்சிட்டிருக்கிறது. ஆம்னியை லிஃப்டில் ஏற்றிப் போகும் காட்சியில் மாமா சற்று நேரம் லயித்துப்போனார்.

பிறகு கணக்கு. வண்டிக்கு இன்றைய மதிப்பு, அவர்கள் பாஷையில் ஐ.டி.வி., 55,000 ரூபாய். பத்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் உலோகப் பாகத்தின் விலையில் தேய்மானமென்று பாதியைக் கழித்துவிடுவார்கள். பிளாஸ்டிக், ரப்பர் என்றால் வண்டி புதிதாக இருந்தாலும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. அதற்கும் மேல் முதல் ஆயிரம் ரூபாய் நம் பொறுப்பு.

கதவு நசுங்கி, நாலாயிரம் ரூபாய்க்குப் பாகம் மாற்றுகிறோம் என்று வையுங்கள். தேய்மானத்தில் இரண்டாயிரம் போகும். நம் பங்கில் ஆயிரம் போகும். கைக்கு வருவது ஆயிரம். அதை வாங்கிய குற்றத்துக்கு, ஐந்து வருஷம் கிளைம் கேட்காமல் சேர்த்து வைத்த ஐம்பது சதவீத நோ கிளைம் போனஸ் ஒரே நாளில் பூஜ்யமாகும். அடுத்த வருஷ பிரீமியம் ஆயிரம் ரூபாய் ஏறும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சர்வேயருக்குக் கொடுத்த காபி நமக்கு நஷ்டம்.

"அப்ப சின்ன விபத்தால பிரயோஜனம் இல்ல" என்று மாமா தீர்மானமாகச் சொன்னார்.

"ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில முக்கால்வாசியத் தாண்டிட்டா டோட்டல் லாஸ், முழுசும் வந்துரும்" என்று அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். மச்சான் போனில் தட்டிப் பார்த்தான். 41,250 ரூபாய்.

அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் குடும்பம் ஒரு விபத்தை வடிவமைத்தது. சேதம் 41,250-க்குக் குறையக் கூடாது. உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கொப்பரையை முன்னதாகவே இறக்கி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் வண்டிக்குள் இருக்கும் சாமான்களுக்கு இந்தப் பாலிசியில் பைசா கிடையாது. குற்றாலத்துக்குப் போகும்போது ஆகக் கூடாது, திரும்பி வரும்போது ஆனால் பரவாயில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை. அவர்கள் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் ஓடுவதற்கு வாசல் இருக்க வேண்டும். போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விதிகள் மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பார்த்த ஊர் இது. எங்கள் வண்டி வந்ததும் அதே வருஷம்தான்.

"விபத்துல அளவு எங்கண்ணே இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து அக்கா வாசலில் இருக்கும்போது மட்டும் மாமா பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த தேர்ட் பார்ட்டி 2,094 ரூபாயைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை என்று சட்டம் இருப்பதால் கட்டுகிறோமே தவிர, விரும்பி அல்ல. அதில் நமக்குச் சல்லிக்காசு வராது என்பதுதான் மாமாவின் ஆட்சேபம். என் கணக்கு வேறு. மொத்த பாலிசியிலும் காசு பெறுகிற சங்கதி அது ஒன்றுதான். ஆம்னி தொலைந்தால் 55,000-த்தோடு போயிற்று. வண்டி ஒரு மனிதர்மேல் மோதினால் எவ்வளவு என்பதைத் தீர்ப்பாயம் சொல்லும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டியது இந்த 2,094-இல்தான் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இந்த இன்சூரன்சிலிருந்து விலக்கு தர சட்டத்தில் வழியுண்டு. அதன் பலனை அவ்வப்போது செய்தித்தாளில் பார்க்கிறோம், இழப்பீடு கட்டாத பஸ்ஸை கோர்ட் அமீனா வந்து ஜப்தி செய்ய, பயணிகள் பையோடு இறங்கி நிற்பார்கள். கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில் இருந்தாலும் எங்கள் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே பால்கோவாவுக்குப் போவது வேறு, வாய்தாவுக்குப் போவது வேறு.

சரி, ஆயிரம் ரூபாய் வழக்குக்கு வருவோம். அண்ணாச்சி ஒரு சமரசம் சொன்னார். "தேர்ட் பார்ட்டியோட தீயும் திருட்டும் மட்டும் சேத்துக்கலாம். உங்க ஊருக்குத் தோதா இருக்கும்."

"திருட்டை எடுத்துருங்க" என்றார் மாமா. "அதத் திருடுறவன் சாத்தூர் போறதுக்குள்ள மனசு வெறுத்துக் கொண்டாந்து விட்டுருவான்."

தீ மட்டும் என்று முடிவாகி அண்ணாச்சி வண்டியைப் பார்க்க எழுந்தார். கதவை இழுத்தார், அது யோசித்தது. உள்ளே பஞ்சு மெத்தை, அடுப்பு, சிலிண்டர். அவற்றுக்கு நடுவே மதுரைச் சித்தப்பாவுக்காக வாங்கி வைத்திருந்த மத்தாப்பு, தரைச்சக்கரப் பெட்டிகள். ரயிலில் கொண்டுபோனால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்பதால் உறவு முழுவதும் எங்கள் வண்டியை நம்பித்தான் தீபாவளி கொண்டாடுகிறது.

"இதுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதக் கூடாதுங்க. நாக்பூருக்கு எழுதி வெடிபொருள் லைசென்ஸ்தான் வாங்கணும்" என்றார் அண்ணாச்சி. சீட்டைக் கழற்றியது, அடுப்பு வைத்தது எதுவும் ஆர்.சி. புத்தகத்தில் கிடையாது, தீப்பிடித்தால் கம்பெனிக்காரன் முதலில் கேட்பதே இதைத்தான், அடுப்பு இறங்கினால் கையெழுத்து, இல்லையென்றால் அந்தக் காசைக் கொண்டுபோய் உண்டியலில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"அடுப்பில்லாம வண்டி எதுக்கு?" என்றாள் மனைவி. ஆனாலும் மாமாவின் பிடிவாதம் வென்றது. பட்டாசும் அடுப்பும் இறங்கின, சீட்டு பரணிலிருந்து பழைய இடத்துக்கு வந்தது, பாலிசி கைக்கு வந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையே இருக்கன்குடிக்குப் போய்விட்டு, சமைக்க வழியில்லாமல் எல்லோரும் விருதுநகரில் பொரிச்ச பரோட்டாவுக்கு உட்கார்ந்தோம். மொறுமொறுவென்று உடைத்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்ற ஊற்ற, பிள்ளைகள் இன்னும் இரண்டு இன்னும் இரண்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பில் ஆயிரத்து இருநூறு. மாமா அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் போட்டுக்கொண்டு ஒருமுறையும் பார்த்தார்.

"ஏம்மாப்ள, இதுக்கு நோ கிளைம் போனஸ் ஒண்ணும் கிடையாதா?"