இழுவைப் பிரகரணம்: படுவான்கரைக் குடும்ப யாத்திரைக்குரிய வாகனம் யாதென ஆராய்ந்தது

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை என்றும் மேல்கரை படுவான்கரை என்றும் வழங்கப்பெறுதலையும், அவ்விரு கரைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு உவர்நீர் பரந்து கிடத்தலையும், நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியிற் பாடுவது மீனோ, ஊரியோ, அன்றிக் கேட்பவனுடைய மனோராஜ்யமோ என்பதையும் பற்றி அறிஞர் பெருமக்கள் நிரம்ப எழுதிவிட்டார்கள். ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்னும் அதிகாரி இராக்காலத்தில் தோணியேறிப் போய்த் தம் காதினாற் கேட்டு, 1859ஆம் ஆண்டு வெளிவந்த தமது இலங்கை நூலில் அதனை எழுதினார். அவருக்குப் பின் வந்தோரிற் பலர் தோணி ஏறாமலே அவரைக் கேட்டு எழுதினர். இக்காலத்தவர் அந்தப் பலரைக் கேட்டு எழுதி வருகின்றனர். ஆயினும், இதே வாவிக்கரையிற் பிறந்து, பெண் கொண்டு, பெண் வீட்டிலேயே குடியமர்ந்து, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கும், பின்னர் கொக்கட்டிச்சோலைத் தேருக்கும், மண்டூர்த் தீர்த்தத்துக்கும், பள்ளி விடுமுறைக்குப் பாசிக்குடாவுக்கும், நேர்த்தி இருந்தாற் கதிர்காமத்துக்கும் போய்வரக் கடமைப்பட்ட ஒரு குடும்பஸ்தன், எந்த வாகனத்தின் பின்னே எதைப் பூட்டி, எவரை ஏற்றி, எவ்வாறு இழுத்துச் செல்லவேண்டும் என்ற ஜீவாதாரமான விஷயத்தைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரந்தானும் வெளிவராமை ஆராய்ச்சி உலகிற்குப் பெரியதோர் இழுக்கு என்பதே எமது அபிப்பிராயம். அவ்விழுக்கைத் துடைப்பான் வேண்டி இப்பிரகரணம் எழுந்தது.

முதலில் இழுபடுபொருள் இன்னதென வரையறுத்தல் சாஸ்திர முறை. மாமியார் ஒருவர், அவருடைய தமக்கையார் ஒருவர், பொங்கற் பானை, விறகு, தண்ணீர்க் குடம், ஓலைப்பாய், மழைக்கும் வெயிலுக்கும் பொதுவான படங்கு, முழங்கால் வருத்தமுள்ளோர் ஏறுதற்கும் ஏறியபின் இருத்தற்கும் பயன்படும் பிளாஸ்டிக் கதிரைகள், புறப்படும் நேரத்தில் எங்கிருந்தோ வந்து சேரும் பிள்ளைகள். மனைவி இப்பட்டியலில் அடங்கார். அவர் பட்டியலை எழுதுபவர்.

வாகனங்களைப் பாகுபடுத்தும்போது எமது நாட்டு ஆய்வு மரபை மீற எமக்குத் துணிவில்லை. மட்டக்களப்பில் எதைக் கண்டாலும், கூத்தைக் கேட்பது போல, அது வடமோடியா தென்மோடியா என்று கேளாமல் எம்மவருக்கு நித்திரை வராது. ஆதலால் வாகனங்களும் வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். அகன்ற மட்காட்டும், உயர்ந்த மூக்கும், மேலே இரும்புச் சட்டமும் பூண்டு, கரப்புடுப்புக் கட்டிய துரியோதனன் களரிக்கு வருவது போல ஒழுங்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும் ஜீப்பு, பஜிரோ, டபிள் கெப் ஆகியன வடமோடி. உழவு மெசினும், கைப்பிடி பிடித்து ஓட்டும் லான்மாஸ்டரும், இவற்றின் பின்னே கொழுவப்படும் பெட்டியும் தென்மோடி. இந்தப் பாகுபாட்டால் யாதொரு பிரயோசனமும் இல்லை என்று ஒருவர் எம்மிடம் கூறினார். பாகுபாடு செய்தவனுக்குப் பட்டம் கிடைத்தால் அதுவே பிரயோசனம் என்பது அவருக்கு இறுத்த விடை.

வடமோடியுள் வில்லிஸ் ஜீப்பு இரண்டாம் உலக யுத்தத்தின் எச்சம். உதிரிப்பாகம் தேடுவோனுக்கு அந்த யுத்தம் இன்னும் முடியவில்லை. லாண்ட் றோவர் 1948ஆம் ஆண்டிலே, யுத்தத்தாற் பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு நேர்ந்தமையால், அலுமினியத்தால் உடல் செய்து வெளிவந்தது. வாவிக்காற்றின் உப்பு அந்த உடலை அவ்வளவாக அணுகாது. அடியிலுள்ள உருக்குச் சட்டத்தையே நாடிச் செல்லும். ஆகவே மேனி அப்படியே இருக்க எலும்பு உதிர்வதைக் காண விரும்புவோர் அதனை வாங்கலாம். ரொயோட்டா லாண்ட் குரூசரும் நிசான் பட்ரோலும் 1951ஆம் ஆண்டிற் பிறந்த பங்காளிகள். முன்னதன் முன்னோன் அவ்வாண்டிலேயே பியூஜி மலையின் ஆறாம் நிலை வரையில் ஏறிக் காட்டியதாம். ஏறட்டும், எங்கள் குடும்ப வழியிற் குறுக்கிடும் ஆகப் பெரிய ஏற்றம் குளக்கட்டு. ஹைலக்ஸைப் பற்றி அதன் சொந்தக்காரர்களே ஓயாமற் பேசிக்கொண்டிருப்பதால் நாம் விடுகிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கப்பட்டமையால், இடைப்பட்ட காலத்திற் பழைய கெப் ஒன்றின் விலை, அதனை நிறுத்தி வைக்கும் வளவின் விலையைப் பார்த்துச் சிரிக்கலாயிற்று என்பதை மாத்திரம் குறித்துவைப்போம்.

எனினும் வடமோடியின் உயிர்நாடியாகிய நான்கு சக்கர இயக்கத்தைச் சற்று ஆராயாமல் அப்பாற் செல்வது தர்மமன்று. பழைய வாகனங்களில் முன்சக்கரங்கள் சாதாரண காலத்தில் வெறுமனே உருளும். அவையும் சேர்ந்து இழுக்க வேண்டுமாயின், ஓட்டுபவன் கீழே இறங்கி, முன்சக்கரம் இரண்டின் நடுக்குடத்திலும் உள்ள திருகியைக் கையாற் பிடித்துத் திருப்பி, மறுபடி ஏறி, உள்ளே உள்ள சிறிய கம்பியை இழுத்துப் போட வேண்டும். வயற்சேற்றில் அச்சுவரை புதைந்த வாகனத்தில் அந்தத் திருகி எங்கே இருக்கும் என்று சிந்திக்குக. முழங்கைவரை சேற்றுக்குள் விட்டுத் துழாவினால், முதலில் அகப்படுவது நத்தை. இரண்டாவது அகப்படுவது சென்ற போகத்தில் தொலைந்த மண்வெட்டித் தகடு. மூன்றாவதாகத் திருகி அகப்படும்போது அது எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று காட்டும் எழுத்தின் மேல் ஒரு விரல் கனத்துக்குக் களி. நான்கு சக்கரமும் தேவைப்படும் இடத்தில் இறங்க முடியாது. இறங்கக்கூடிய இடத்தில் நான்கு சக்கரமும் தேவைப்படாது. இறங்குபவன் எப்பொழுதும் மருமகன் என்பது தனியே ஆராயத்தக்கது.

இனி எமது பிரதான சித்தாந்தத்துக்கு வருவோம். முழுச்சக்கர இயக்கமாவது யாது? தனக்கென அமைந்த சக்கரங்கள் அனைத்தினாலும் இழுத்தல். டபிள் கெப்புக்குச் சக்கரம் நான்கு. தார் வீதியில் அவற்றுள் இழுப்பன இரண்டு. ஆகவே அது அரைப்பங்கு வாகனம். பெரிய உழவு மெசினுக்கும் பெரும்பாலும் அதே கதி: பின்னிரண்டு இழுக்க, முன்னிரண்டு வழிகாட்டும். லான்மாஸ்டருக்கு உள்ளன இரண்டே சக்கரங்கள், அவ்விரண்டும் இழுக்கின்றன, நேரே செல்லுங்காலை ஒன்றேனும் சும்மா உருண்டதில்லை. ஆகவே குறைவற்ற, இடையறாத, திருகி வேண்டாத முழுச்சக்கர இயக்கமுடைய வாகனம் உலகிலே லான்மாஸ்டர் ஒன்றே என்பது நிரூபணமாயிற்று. மாட்டுவண்டியின் நிலை இதனினும் நுட்பமானது. சக்கரம் இரண்டு, அவற்றுள் இழுப்பது ஒன்றுமில்லை. ஆனால் முன்னே எட்டுக் கால்கள், எட்டும் இழுக்கின்றன. இதனை எட்டுக்கால் இயக்கம் என்று பெயரிட்டு ஒரு தனிக் கிரந்தம் எழுதலாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரத்திலே போர்த்துக்கேயர் காணக் கல்நந்தி எழுந்து புல் தின்ற ஐதிகம் ஊரறிந்தது. எரிபொருட் சிக்கனத்தைப் பற்றி வாய் திறக்கும் கெப்வாதிகள் அந்தச் சந்நிதியில் நின்று பேசக் கடவர்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். லான்மாஸ்டர் தனியே ஓடாதே. பின்னே பெட்டி பூட்டப்பட்டன்றோ ஓட்டுபவனுக்கு இருக்க இடம் உண்டாகிறது? பெட்டியின் இரு சக்கரங்களையும் கணக்கிற் சேர்த்தால் அதுவும் அரைப்பங்கு ஆகிவிடாதோ என்பர். இதனை மறுக்கும் ஆதாரம் ‘இழுவைக் காரிகை’ என்னும் தொன்னூலில் உளது. அந்நூல் கிடைத்திலது. கிடைத்திருந்தாற் பின்வரும் நூற்பா அதில் இருந்திருக்கும் என்று யாமே யாத்துச் சேர்த்திருக்கிறோம். இவ்வழக்கம் எமக்கு முன்பும் இந்நாட்டில் இருந்ததுதான்.

முன்செல் பொறியைப் பின்வரு பெட்டி
தள்ளிய காலையும் தடம்பிற ழாது
தாங்குவ தெதுவோ அதுவே இழுவை;
ஏனைய எல்லாம் ஏற்றம் வரையே.

இந்நூற்பாவுக்கு மூன்று உரைகள் உண்டு. மாமனார் உரை பழமையானது: “அந்தக் காலத்தில் மாடு இருந்தது” என்று தொடங்கி அங்கேயே முடிகிறது. மைத்துனர் உரை விரிவானது. அதன் நுட்பம் இறக்கத்திலே விளங்கும். லான்மாஸ்டரில் இடப்புறம் திரும்ப இடக்கைப் பிடியை அழுத்தவேண்டும். அழுத்தினால் இடச்சக்கரத்துக்குச் செல்லும் சக்தி அறுந்து, வலச்சக்கரம் மாத்திரம் இழுக்க, மெசின் இடப்புறம் கிறுகும். குளக்கட்டிலிருந்து கீழே இறங்கும்போதோ, மாமியாரும் பானையும் விறகும் நிரம்பிய பெட்டி பின்னாலிருந்து தள்ள, அறுந்துவிட்ட இடச்சக்கரம் கட்டவிழ்ந்து வேகமாக உருள, மற்றது இயந்திரத்தின் பிடியில் மெல்ல வர, மெசின் வலப்புறம் கிறுகும். ஏற்றத்தில் இடம் இடமாயிருந்தது இறக்கத்தில் வலமாகிறது. இதனை அறியாத புதிய மாப்பிள்ளைமார் எத்தனையோ பேர் வாய்க்காலைக் கண்டனர். ‘தடம்பிறழாது’ என்று ஆசிரியர் எச்சரித்தது இதனையே என்பது மைத்துனர் கருத்து. அவர் கொடுத்த மேற்கோள்களையும் ஆராய்ச்சி நேர்மை கருதி இங்கே தருகிறோம்: ஒன்று, ஒரு பெட்டியின் பின்பலகையில் நீல நிறத்தில் எழுதப்பட்ட வாசகம், இரண்டாம் வரி சாணத்தால் மறைந்த பாடம், இன்னொன்று, களுவாஞ்சிகுடிச் சந்தையிற் கச்சான் சுற்றித் தரப்பட்ட காகிதச் சுருள், முதற்பதிப்பு, எண்ணெய் படிந்த பிரதி, இடப்பக்க மேல்மூலை, அதன் வலப்பக்கம் பதிப்பாசிரியரின் இளைய மகனால் உண்ணப்பட்டமையால், அவ்விடத்து விடுபட்ட எழுத்துக்களை ஊகித்து நிரப்பியுள்ளோம், ஊகித்தவற்றைக் கொண்டு காலமும் கணித்துள்ளோம், கணித்த காலத்தைக் கொண்டு அக்கச்சானின் பிறப்பிடமும் துணியப்பட்டது. 1962ஆம் ஆண்டு எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்து உதவிய நாள் தொட்டு, அதிலுள்ள மன்னர்களை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தப் புகுந்தோரிற் சிலர் கையாண்ட முறையினின்று எம்முறை அணுவளவும் விலகவில்லை.

மூன்றாவதாகிய மாமியார் உரையைப் பின்னர்க் கூறுவோம்.

லான்மாஸ்டரின் பிற குணங்களுள் வேகமின்மை ஒன்று. அது நடையினும் சிறிது விரைவாகவும் சைக்கிளினும் சிறிது தாமதமாகவும் செல்லுமாதலால், வழியிற் காணும் உறவினர் அனைவரையும் சுகம் விசாரித்துப் போகலாம். விசாரித்ததற்கு அவர்கள் சொல்லும் விடை மட்டும் கேளாது. அதன் ஒற்றைச் சிலிண்டரின் முழக்கத்தினிடையே மனிதக் குரல் எடுபடாமையால், வீட்டில் தொடங்கிய எந்த வாக்குவாதமும் கோயில் வரையில் ஒத்திவைக்கப்படுகிறது. கண்ணாடி ஏற்றிக் குளிரூட்டிய கெப்பிலோ ஒரு பெருமூச்சுக்கூட எல்லோருக்கும் கேட்கிறது.

வடமோடியும் தென்மோடியும் சமமாகும் இடங்களும் உள. மண்முனையிற் பாலம் திறக்கப்பட்ட 2014ஆம் ஆண்டுக்கு முன், கொக்கட்டிச்சோலைக்குப் போவோர் அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்திருப்பர். மிதந்து செல்லும் அந்தப் பலகைமேல் ஏறியபின் எந்த வாகனத்துக்கும் ஒரு சக்கர இயக்கமும் இல்லை, எல்லாம் சாமான்கள். அவ்வாறே 2022ஆம் ஆண்டில், கியூஆர் அட்டையைக் கையிற் பிடித்தபடி எரிபொருள் நிலையத்தின் முன்னே, ஆறாம் நிலை வரை மலையேறிய குலத்துதித்ததும், ஏறாததும் ஒரே வரிசையில் நின்றன.

எஞ்சுவது ஆசனப் பிரச்சினை. இப்பிரதேசத்திற் குடி தாய்வழியே வருவது. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வது. மருமகன் அங்கே வந்து சேர்பவன். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அவர்கள் அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலில் இவற்றையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். கெப்பின் முன்னிருக்கையில் அமரும் உரிமை தாய்க்கோ, தாயின் தமக்கைக்கோ என்னும் அதிகாரம் மாத்திரம் அதில் எமக்கு அகப்படவில்லை. குடும்பங்கள் பிளவுபடுவது குடியினாலன்று, அந்த ஓர் இருக்கையினால். தமக்கை மூத்தவர், ஆனால் மகள் வாழும் வீடு தங்கை சீதனமாகக் கொடுத்தது. எவரை முன்னே இருத்தினாலும் மற்றவர் அடுத்த திருவிழா வரையில் பேசார். பெட்டியிலோ முன்னிருக்கை என்பது இல்லை. பாய் விரித்து, நடுவே பானையை வைத்துவிட்டால், சுற்றியிருப்போர் அனைவரும் ஒரே உயரம். குதிரைவலு, இழுவிசை, ரயரின் அகலம் என்று ஆண்மக்கள் சந்தியில் நின்று தர்க்கித்த யாவற்றையும் விட இது ஒன்றே தெரிவைத் தீர்மானிக்கிறது என்பது எமது முடிபு. ஆயினும் இம்முடிபை எட்டுமுன் இன்னும் இருபது பக்கம் எழுதும் உத்தேசம் எமக்கு இருந்தது. அப்பொழுதுதான் மாமியார் உரை நிகழ்ந்தது. ஏற்கெனவே பெட்டியில் ஏறி, கதிரையை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு அவர் அருளிய உரை முழுவதும் வருமாறு:

“மறுகா ஆராயலாம், மருமகன். வெயில் ஏறுது. மெசினைச் சுத்துங்க.”

இவ்வுரைக்கு மறுப்புரை எழுதியவர் இன்றளவும் இலர்.