காட்சிப் பஞ்சம் தீர்த்த வள்ளல்

மதிப்புக்குரிய தொலைக்காட்சிச் செய்திக் காட்சி ஆசிரியர் அவர்களுக்கு, நாகலூரிலிருந்து ஒரு நேயரின் நன்றிக் கடிதம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, மெல்ல உள்ளே நகர்ந்து, டிசம்பர் பிறந்ததும் எங்கள் சேர்வராயன் மலையைப் புரட்டி எடுத்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் பக்கம் நடந்தது அதைவிடச் சாதாரணம். காப்பித் தோட்டத்து ஓரம் நின்ற சில்வர் ஓக் மரம் ஒன்று, ஏறியிருந்த மிளகுக்கொடியோடு ரோட்டின் குறுக்கே சாய்ந்தது. கம்பி அறுந்து கரண்ட் போனது. நாலு பேர் அரிவாளும் மெஷின் ரம்பமுமாக நனைந்துகொண்டு நின்றார்கள். இதைப் போட்டால் யார் பார்ப்பார்கள்? எங்கள் ஏழ்மை உங்களுக்குப் புரிந்தது. ஒரு குன்றே பெயர்ந்து ரோட்டில் விழுகிற காட்சியை எங்களுக்கென்று ஒதுக்கி, ஏற்காட்டில் பயங்கரம் என்று சிவப்புப் பட்டை கட்டி ஓட்டினீர்கள்.

சென்னையிலிருக்கும் மகன் பதறிப்போய்க் கூப்பிட்டான். "அப்பா, நம்ம ரோடே போயிடுச்சாமே!" அவன் அனுப்பிய வீடியோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். சரிவெல்லாம் தேவதாரு மரம். மண்ணுக்கு இந்தப் பக்கம் நிற்கிற லாரியின் நம்பர் எச்.பி. என்று தொடங்கியது. இமாச்சலப் பிரதேசத்து லாரி நாகலூர் வரைக்கும் லோடு எடுத்து வருகிறது என்றால் ஊர் எவ்வளவு வளர்ந்துவிட்டது பாருங்கள். உள்ளூர்க்காரர்களான எங்களுக்கே தெரியாத வளர்ச்சி.

உங்களுக்கு முன்னால் இந்தத் துறையில் பாடுபட்டவர்களுக்கு இப்படிப்பட்ட மரியாதை கிடைக்கவில்லை. 1982இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழ், அட்டையில் அடங்க வேண்டுமென்று கீசா பிரமிடுகளைக் கணினியில் கொஞ்சம் நெருக்கி வைத்தது. இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறார்கள். 2003இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் புகைப்படக்காரர் ஒருவர், பாஸ்ராவில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டி ஒன்றாக்கினார். பின்னால் கூட்டத்தில் சில பேர் இரண்டு இடத்தில் தெரிந்தார்கள். அவ்வளவுதான், ஆளை வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் கூட்டத்தை இரட்டிப்பாக்கியதற்கு இன்கிரிமென்ட் வாங்கியிருப்பார். 2006இல் பெய்ரூட் போர்ப் புகையைக் கூடுதல் கறுப்பாக்கிய ஒருவரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் தன் சேமிப்பிலிருந்து தூக்கியது. 920 படம்! ஊதாரித்தனம் என்பது இதுதான். நீங்களாக இருந்தால் அதை வைத்து பத்து வருஷம் போர் நடத்தியிருப்பீர்கள்.

நம் நாட்டில் அரசாங்கமே கைகொடுத்திருக்கிறது. 2015 டிசம்பர் 3 அன்று பிரதமர் சென்னை வெள்ளத்தை வானிலிருந்து பார்வையிட்ட படத்தைப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே மங்கலாகத் தெரிந்ததை எடுத்துவிட்டு, மூழ்கிய வீடுகளைத் துல்லியமாக ஒட்டியிருந்தார்கள். ஊர் சிரித்த பிறகு நீக்கிவிட்டு, இரண்டு படங்களை இணைத்ததாக விளக்கமும் கொடுத்தார்கள். இதில் என்ன தப்பு? பிரதமர் நிஜம், ஜன்னல் நிஜம், வெள்ளமும் நிஜம். மூன்று நிஜத்தைக் கூட்டினால் பெரிய நிஜமாகத்தானே வரவேண்டும்.

ஆனால் கலை உச்சம் தொட்டது 2023 மார்ச்சில். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பறந்தன. ஒன்று திருப்பூரில் பீகார்க்காரர்களே இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர் ஆட்கள் போட்ட சண்டை என்று நம் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஹோலிக்கு ஊருக்குப் போக ரயில் நிலையத்தில் நின்ற கூட்டம், உயிர் தப்பி ஓடும் கூட்டமாகப் பதவி உயர்வு பெற்றது. கட்டுப் போட்ட இரண்டு பேரை வைத்து பாட்னாவிலேயே நடித்து எடுத்த வீடியோவைப் பீகார் போலீஸ்தான் கண்டுபிடித்தது. தமிழ்நாட்டுக்கு வராமலே தமிழ்நாட்டில் அடிவாங்குவது லேசான காரியமா? பயணச் செலவு மிச்சம். நிஜமாகவே பயந்து மூட்டை கட்டிய தொழிலாளிக்கும் அவன் வீட்டுக்காரிக்கும் டிக்கெட் செலவு ஆகியிருக்கும். அது உங்கள் கணக்கில் வராது.

நீங்கள் நேர்மையில்லாதவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மூலையில் 'கோப்புப் படம்' என்று போடுகிறீர்களே. எறும்பு படிக்கிற அளவில், மூன்று நொடி நேரம், நகைக்கடை விளம்பரம் அதன்மேல் ஏறுவதற்கு முன்னால் போடத்தான் செய்கிறீர்கள். கண் தெரியாதது நேயர் குற்றம்.

உங்கள் தொண்டில் மிகப் பெரியதை ஊர் இன்னும் உணரவில்லை. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4, கைகள் கட்டப்பட்டு நிர்வாணமாக இருந்தவர்களை ராணுவ உடையில் இருந்தவர்கள் சுட்டுக் கொல்லும் இலங்கை வீடியோவை ஒளிபரப்பியது. போலி என்றது இலங்கை அரசு. அதைச் சொல்லவே நாலு நிபுணர்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியும் 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், தான் அமர்த்திய மூன்று நிபுணர்கள் தோட்டா பட்ட உடல்களின் அசைவு வரை ஆராய்ந்ததை வைத்து, அது உண்மையான பதிவாகவே தெரிகிறது என்று சொல்லிவிட்டார். பாவம், அந்தக் காலத்து அரசுக்கு எவ்வளவு சிரமம்! இன்றைக்கு நிபுணர் வேண்டாம், அறிக்கை வேண்டாம். எந்தப் பிணத்தைக் காட்டினாலும் 'ஏ.ஐ.ங்க' என்று ஒரு வார்த்தை போதும், பார்த்தவர்கள் கலைந்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை பலம் சேர்த்துக் கொடுத்தது யார்? தினம் தினம் நீங்கள்தான்.

எங்கள் ஊரிலும் பலன் தெரிகிறது. உங்கள் குன்று விழுந்த மறுநாள், மலைப்பாதையில் மண் கிடக்கிற நிஜப் படம் போனில் வந்தது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அதைப் பார்த்து, "இதுவும் அந்த இமாச்சலம்தான், விடு" என்று சிரித்துவிட்டு, காப்பிக்கொட்டை மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார். வழியில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். மூட்டைகள் நனைந்தன. பார்த்ததை நம்பாதே என்று பெரியவர்கள் எத்தனை சொல்லியும் கேட்காதவர், உங்களால் ஒரே நாளில் ஞானியாகிவிட்டார்.

ஒரே ஒரு விண்ணப்பம். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா வரும். அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சிக்கென்று நிருபரையும் கேமராக்காரரையும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். ஊட்டிப் படம் உங்களிடம் நிறைய இருக்குமே, அதையே போடுங்கள். மலை ரயில் வருகிற இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் நாகலூருக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று என் மகன் கேட்பான்.