உண்ட மயக்கம்: சோற்றின் மீது சாற்றப்பட்ட பழி குறித்து ஒரு மறுவிசாரணை

மதியம் இரண்டரை மணி முதல் நான்கு மணி வரை சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் நிகழும் பொதுத் துயிலை அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அந்த நேரத்தில் அறிஞர்களும் தூங்கிக்கொண்டிருந்தது காரணமாக இருக்கலாம். இத்துயிலுக்குச் சோறுதான் காரணம் என்பது ஊர் வழக்கு. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்று பழமொழியே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டது. கூண்டில் நிற்கும் வத்தக்குழம்பின் தரப்பை யாரும் கேட்டதில்லை. இக்கட்டுரை கேட்கிறது.

ஆய்வுக்களம் பற்றிச் சிறு குறிப்பு. மேடவாக்கம் சாலையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையும் முட்டிக்கொள்ளும் இடம். ஓர் ஏரி, ஒரு பேருந்து நிலையம். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி. ஏரி பார்த்த ஊர் என்பதால் இலக்கணப்படி மருதம். மருதத்துக்குரிய சிறுபொழுது வைகறை. ஆனால் வைகறையில் இங்கே விழித்திருப்பவை தெருநாய்களும், ஓ.எம்.ஆர் ஐ.டி. நிறுவனங்களிலிருந்து நைட் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட வரும் கேப்களும்தான். ஊர் தன் முழு இயல்பில் வெளிப்படுவது எற்பாட்டில், அதாவது பிற்பகல் 2 முதல் 6 வரை. அதுவோ நெய்தலுக்கு உரியது. ஆக, பட்டா மருதத்தில், படுக்கை நெய்தலில். திணைமயக்கம் பற்றி அவ்வளவு எழுதிய உரையாசிரியர்கள் இந்த மயக்கத்தை எதிர்பார்க்கவில்லை.

இனி சாட்சியங்கள். 1729இல் தெ மெய்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் பூட்டி வைத்தார். வெயிலே படாமலும் அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற சந்தேகம் அங்கே தொடங்கியது. அது மூலக்கூறு அளவில் ஓடும் விதத்தைப் பழ ஈக்களிடம் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு அந்தக் கடிகாரம் மூளையில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்களாக உட்கார்ந்திருக்கிறது. அதன் ஆட்சியில் விழிப்பு இரண்டு முறை சரிகிறது: விடிவதற்கு முன் பெரிதாக, பிற்பகலில் சிறிதாக. வழக்கின் திருப்பம் இங்கேதான். ஆட்களுக்கு மதியச் சாப்பாடு போடாமல், மணி என்ன என்று தெரியவிடாமல் வைத்துப் பார்த்தபோதும் பிற்பகல் சரிவு தவறாமல் வந்தது. நிறையச் சாப்பிட்டால் அது இன்னும் ஆழமாகும், அவ்வளவே. சோறு உடந்தை, முதல் குற்றவாளி அல்ல.

உள்ளூர்ச் சான்றும் உண்டு. ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மாமி ஒருவர், மூன்று மணிக்குச் சகஸ்ரநாமப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்தபடி சாய்ந்தார். இதற்கு எந்தக் குழம்பைக் கைது செய்வது?

மூன்று மணி என்பதும் ஓர் அரசாங்கக் கற்பனை. 1906இல் இந்திய நேரம் நடப்புக்கு வரும்முன் மதராஸ் நேரம் என்று தனியே ஒன்று இருந்தது, இன்றைய கடிகாரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கி. சூரியன் அந்த அரசாணையைப் படிக்கவில்லை. எனவே கீழ்க்கட்டளைக்காரர் மூன்றே காலுக்கு எழுவதாகச் சொல்லி மூன்று இருபத்துநான்குக்கு எழுந்தால், அவர் மதராஸ் நேரப்படி சரியாகத்தான் எழுந்திருக்கிறார்.

துயிலைவிட ஆராயத் தக்கது துயில் மறுப்பு. மதியம் தூங்கியதாக ஒப்புக்கொண்டவர் ஒருவர்கூட எம் ஆய்வில் அகப்படவில்லை. "தூங்கலம்மா, சும்மா கண்ண மூடிட்டு இருந்தேன்" என்பது பொதுப் பாடம். "முதுகு வலி, கொஞ்சம் கட்டையச் சாய்ச்சேன்" என்பது ஓய்வூதியர் பாடம். மூன்றாவது பாடம் தொலைக்காட்சி சார்ந்தது. சீரியல் முழுக்கக் குறட்டை விட்டவர், யாராவது அணைத்த அந்தக் கணமே "ஏண்டா ஆஃப் பண்றே, பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்பார். இதுவரை என்ன கதை என்று கேட்பது ஆய்வு நெறிக்கு முரணானது. அடி விழவும் கூடும்.

எஞ்சிய கேள்வி, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவது எப்படி? விடை மதுரையில் கிடைக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தார்கள். இருட்டுக் குகையில் தன்னந்தனியே அடைத்த வௌவாலின் நேரம் நாளுக்கு நாள் விலகிப் போனது. தன் இனத்தார் வந்துபோகும் குகையில் வைத்தபோதோ, வெளிச்சத்தையே காணாமல், கூட்டம் புறப்படும் நேரத்துக்குத் தானும் சிறகடித்தது. 1981இல் வெளியான முடிவு இது. கூட்டமே கடிகாரம்.

எங்கள் அடுக்குமாடிகளுக்கும் இது அப்படியே பொருந்தும். மெட்ரோ வேலைக்கு இரும்பு இறக்கும் ஓசைக்கு அசையாத மனிதர், எதிர் வீட்டில் டபராவும் டம்ளரும் உரசினால் விழித்துவிடுகிறார். பக்கத்து வீட்டில் ஃபில்டர் தட்டப்படுகிறது, மேல் வீட்டில் குழாய் திறக்கப்படுகிறது, ஐந்து நிமிடத்தில் மொத்தக் குகையும் எழுந்துவிடுகிறது. நான்கு மணிக்கு உள்ளே போகும் காப்பியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி ஒன்பது மணிக்கும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இரவு பன்னிரண்டுக்கும் புரண்டு புரண்டு படுத்தபடி, காப்பி குடித்தவர் வீட்டாரிடம் சொல்கிறார்: "ராத்திரி சாப்பிட்ட அந்த அடைதான் ஒத்துக்கல."