கோட்டைக்கு ஒரு ஒன்லைன்

தஞ்சாவூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒரு தம்பி ஒன்லைன் சொல்வார். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத வருஷங்களில் குறுவை சுருங்கும். கதை விளைச்சல் அமோகம்.

ஒரத்தநாட்டுத் தம்பி ஒருவரிடம் ஹீரோ அறிமுகம் தயார். இடைவேளையும் தயார்: காய்ந்து கிடக்கும் கல்லணைக்குத் தண்ணீரும் வில்லனும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். மிச்சமெல்லாம் சென்னையில் ரூம் போட்டால் தானாக வந்துவிடுமாம்.

லட்சியம்? "டைரக்டர் ஆகணும்ணே."

இவ்வளவுதானா! இந்த மண்ணுக்கு இது அவமானம். திருக்குவளையில் 1924இல் பிறந்த கருணாநிதி 1947இல் 'ராஜகுமாரி'க்கு எழுதப் போனார், 1952இல் 'பராசக்தி', 1969இல் முதலமைச்சர். வசனம் எழுதுகிறவனுக்குப் பதவி உயர்வு எதுவரை என்று டெல்டா காட்டிவிட்டது. (இடையில் எழுதியெழுதிக் கை ஓய்ந்த கதையைத் தம்பிகள் ஃபாஸ்ட் ஃபார்வர்டில் தாண்டிவிடுவார்கள்.)

நன்னிலத்து டைரக்டர் பாலசந்தரையும் சொன்னேன். முத்துப்பேட்டையில் வாத்தியார் வேலை, பிறகு சென்னையில் ஏஜி ஆபீஸ், அதற்கு நடுவே நாடகம்.

தம்பி முகம் சுளித்தார். "வேலைக்குப் போனா கிரியேட்டிவிட்டி போயிடும்ணே."

அந்த நேரம் பார்த்து அவர் அப்பா டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து நின்றார். "நடவுக்கு ஆள் கூப்பிட அனுப்பினேனே, என்னடா ஆச்சு?"

தம்பி என் காதில் சொன்னார்: "அப்பா கேரக்டர் இன்னும் டெவலப் ஆகலண்ணே."