சீல் உள்ளவர் சொன்னால் சரி

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படும் பிள்ளை, பரீட்சையில் எவ்வளவு புள்ளி வாங்கியிருந்தாலும், தன்னைத் தெரிந்த பேராசிரியர்கள் முன்னால் போய் நின்று சிபாரிசுக் கடிதம் வாங்கவேண்டும். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமையை 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாணவருக்குக் கொடுத்திருக்கிறது. கிடைத்த உரிமையை ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். பிள்ளை பார்க்கமாட்டாள் என்று தெரிந்தால்தான் எழுதுகிறவர் உண்மையை எழுதுவாராம். இலங்கை மலைநாட்டில் எங்கள் நோர்வூட்டில் இந்தச் சங்கடம் கிடையாது. இங்கே கடிதத்தைப் பிள்ளையே எழுதிக்கொண்டு போகும். கையெழுத்துப் போடுகிறவர்தான் வாசிக்கமாட்டார்.

சட்டப்படி பார்த்தால் இலங்கையில் மருத்துவபீடத்துக்குள் நுழைய ஒருவருடைய சிபாரிசும் தேவையில்லை. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி போதும். 2001இல் வந்த அந்தக் கணக்குக்கு நம் குணமும் தெரியாது, குலமும் தெரியாது. இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. பின்தங்கியதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும், முன்னேறிய ஊர்ப் பிள்ளைகள் பரீட்சை எழுத மட்டும் மலையேறி வந்து இடத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள் என்பது இந்தப் பக்கத்தின் பழைய மனக்குறை. எது உன் மாவட்டம் என்பதை உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் நீ படித்த பாடசாலைதான் தீர்மானிக்கும். அதை அதிபர் உறுதிப்படுத்த வேண்டும். கடிதம் என்ற பிராணி வீட்டுக்குள் தலையை நீட்டுவது இந்த இடத்தில்தான்.

என் தங்கை மகளுக்கு வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்துவிட்டது என்று தெரிந்த அன்று, லயம் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில் பட்டாசு வெடித்தார்கள். மறுநாள் அவள் ஒரு காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். கொண்டுவர வேண்டிய கடிதங்களின் பட்டியல் அது. நான் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். தோட்டத்தில் எவர் வீட்டில் எந்த மனு எழுதவேண்டுமானாலும் பேனாவோடு முதலில் மாட்டுவது நான்தான்.

பட்டியலில் அதிபரின் நற்சான்றிதழ் இருந்தது. கிராம சேவகரின் வதிவிடச் சான்றும், மஹாபொல உதவிக்காக வருமானச் சான்றும் இருந்தன. 1981இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடங்கிய அந்த நிதி ஏழைப் பிள்ளைகளை எத்தனையோ வருடமாகப் படிக்கவைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏழை என்பதை ஏழை சொன்னால் செல்லாது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று நாற்பதுகளில் தொடங்கிய கல்வி நிதி ஒன்றை இந்திய உயர்ஸ்தானிகராலயம் கவனித்து வருகிறது. அதற்குத் தாயோ தகப்பனோ தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறார் என்று தோட்ட முகாமையாளரான துரையின் கையெழுத்து வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு சமாதான நீதவானின் சத்தியக் கடதாசி. ஏனென்றால் அவளுடைய அப்பா பிறப்புச் சான்றிதழில் ராமையா, தோட்டத்தின் பெயர்ப்பதிவான செக்ரோலில் ராமசாமி, அடையாள அட்டையில் ராமன். அந்தக் காலத்துக் கிளாக்கர் ஒருவர் காதில் விழுந்ததை எழுதியதால் ஒரு மனிதர் மூவராகிவிட்டார். மூவரும் ஒருவரே என்று இப்போது சத்தியம் செய்யவேண்டும். கோயிலில் மும்மூர்த்திக்கு யாரும் சத்தியக் கடதாசி கேட்பதில்லை.

கிராம சேவகர் கையெழுத்திட வேண்டிய கடிதத்தை நான் எழுதினேன். “மேற்படி செல்வியை எனக்குத் தனிப்பட்ட முறையில் பத்து வருடங்களாக நன்கு தெரியும். இவர் பணிவும் நன்னடத்தையும் உடையவர். சட்டவிரோதச் செயல்கள் எதிலும் ஈடுபடாதவர்.”

அவள் வாசித்துவிட்டு, “மாமா, பணிவு எனக்கு எங்க இருக்கு? அம்மா தெனம் திட்டுதே” என்றாள்.

“கடிதத்துல இருக்கட்டும் புள்ள. யாரும் வந்து தேடப்போறதில்ல.”

“அந்த சட்டவிரோதம்?”

“அதுவும் இருக்கணும். இல்லாட்டி ஏன் எழுதலன்னு யோசிப்பாங்க.”

பத்து வருடமாகத் தெரியும் என்று கையெழுத்திட வேண்டிய அதிகாரி இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. பத்து என்பதை ஒன்று என்று மாற்றினால் கடிதத்துக்குக் கனம் போய்விடும் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அவளை உண்மையிலேயே அறிந்தவர்கள் இல்லாமலில்லை. லயத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சுவர் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் படித்தால் அந்தப் பக்கம் கேட்கும். அடுத்த காம்பராப் பாட்டி இரண்டு வருடம் உயிரியலை முழுசாகக் காதால் படித்தவர். “அந்த இழைமணி இழைமணின்னு ராத்திரியெல்லாம் கத்துனியே, அது என்னடி நகையா?” என்று அவர் கேட்டதற்கு எந்தப் பரீட்சகரும் பதில் எழுதியிருக்கமாட்டார். அட்டன் பஸ்ஸின் கண்டக்டர் தம்பி, அவள் நின்றபடியே குறிப்புக் கொப்பி விரிப்பதைப் பார்த்து, டியூஷன் உள்ள நாட்களில் முன் சீட்டை மறித்து வைத்திருப்பான். சில்லறைக் கடை அக்கா மெழுகுதிரியைக் கடனுக்குக் கொடுத்து, கணக்கை எழுத மறந்துபோவார். இவர்களில் எவர் கையெழுத்திட்டாலும் அந்தக் கடிதம் நாட்டின் எந்தக் கந்தோரிலும் செல்லாது. இவர்களிடம் சீல் இல்லை.

இந்த மலைநாட்டில் கடிதத்தின் கதை நம் பிள்ளைகளோடு தொடங்கியதல்ல. நம் முப்பாட்டன்மார் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகத் ‘துண்டு’ வேண்டியிருந்தது. இந்தக் கூலிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதித்தரும் சீட்டு. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. 1921இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒன்று மட்டும் சொல்லலாம்: துண்டில் யாரும் ‘பணிவும் நன்னடத்தையும்’ என்று அளக்கவில்லை. எவ்வளவு கடன் என்று மட்டும் எழுதினார்கள். அந்தத் தொகையாவது உண்மையா என்பது வேறு கதை.

கடிதம் கேட்பது சுலபம். அதைப் பின்தொடர்வதுதான் தனிப் பாடம். துரையின் கடிதத்துக்காக நாங்கள் அலைந்தது எந்தத் தோட்டத்தில் என்று நான் சொல்லப்போவதில்லை. நோர்வூட்டைச் சுற்றி எந்த ஆபீஸைச் சொன்னாலும் பொருந்தும். காலையில் போனால் தொர ரவுண்ட் போயிருக்காரு. பத்து மணிக்குப் போனால் பேக்டரிக்குப் போயிருக்காரு. மத்தியானம் பங்களாவுக்கு. பின்னேரம் தொர வந்துவிட்டார், ஆனால் டைப் பண்ணுகிற பிள்ளை போய்விட்டது. இதில் நாம் மாட்டியது தீபாவளிக்கு முந்திய வாரம். அட்வான்ஸ் கணக்குப் பார்க்கும் நேரத்தில் சிபாரிசு பற்றிப் பேசுகிறவன் ஊருக்கே எதிரி. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வரிசை என்னை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டது.

கையை வீசிக்கொண்டு போகலாமா என்று மனைவி கேட்டாள். ஆனால் தேயிலைத் தோட்ட ஆபீஸுக்கு எதைக் கொண்டுபோவது? தேயிலைப் பக்கட்டை நீட்டினால் கேலி செய்கிறேன் என்று நினைப்பார்கள். கடைசியில் ஒரு கேக் கொண்டுபோனேன். பெரிய கிளாக்கர் அதை வாங்கி, அலமாரியில் என் கடிதத்துக்கு மேலேயே பத்திரமாக வைத்தார்.

ஒருநாள் அவர் சொன்னார்: “சேர், கடிதம் ரெடி. போன கெழமயே போஸ்ட்ல போட்டாச்சு.”

“யாருக்கு?”

“புள்ளைக்கு. லயத்து அட்ரஸுக்கு.”

லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது. தோட்டத்து ஆட்களின் தபால் எல்லாம் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். ஆக, அந்தக் கடிதம் இந்த ஆபீஸில் கிளம்பி, தபாற்கந்தோருக்குப் போய், முத்திரை குத்தப்பட்டு, திரும்ப இதே ஆபீஸுக்கு வந்து, இதே கிளாக்கரின் மேசைக்குப் பின்னால் இருந்த பையில் எங்களுக்காகக் காத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்தது அப்படியே இருந்தது, ‘மகள்’ மட்டும் ‘மகன்’ ஆகியிருந்தாள். மூன்று அப்பாக்களோடு ஒரு மகன். திருத்தி வாங்கினால் பொங்கல் வந்துவிடும் என்பதால் அப்படியே அனுப்பினோம். நல்ல வேளையாக, அனுப்பிய இடத்திலும் யாரும் வாசிக்கவில்லை.

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி டிக்கோயாவில் 150 கட்டில்களோடு கட்டிய ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்துவிட்டு நோர்வூட் மைதானத்தில் பேசியபோது, கூட்டத்தில் நின்ற என் தங்கை, “கட்டிடம் வந்திருச்சி, நம்ம புள்ளைங்க எப்ப வெள்ளக் கோட்டு போட்டு உள்ள போகும்ணே?” என்று கேட்டாள். இப்போது அவள் மகள் இரண்டாம் வருடம். லீவுக்கு வந்தால் பாட்டிக்கு இழைமணி நகை இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்கிறாள். பாட்டி நம்புவதாக இல்லை.

போன வாரம் அந்தப் பெரிய கிளாக்கர் என் வாசலில் நின்றார். அவருடைய மகனுக்கு இங்கே வெட்டுப்புள்ளி எட்டவில்லை. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குப் போடுகிறார்கள். படிப்பித்த ஆசிரியர் ஒருவரின் சிபாரிசு வேண்டுமாம். அதுவும் ஆசிரியரே எழுதி, ஆசிரியரே நேராகக் கம்பியூட்டரில் ஏற்றவேண்டுமாம். பிள்ளை கண்ணில் படக்கூடாதாம். பையன் என்னிடம் சாதாரண தரம் வரைக்கும் இங்கிலீஷ் படித்தவன். கெட்டிக்காரன், கொஞ்சம் வாயாடி. எழுத எனக்கு நிறையவே இருக்கிறது.

“சேர், ஆறுதலா எழுதுங்க. ஆனா முடிவுத் திகதி வார வெள்ளிக்கெழம” என்றார். கையில் ஒரு கேக் இருந்தது.

கடிதத்தை அன்றிரவே எழுதி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அதற்குள் கட்டாயம் ஏற்றிவிடுவேன். பையன் என்ன பாவம் செய்தான்? ஆனால் தினமும் காலையில் கிளாக்கரின் போன் வருகிறது. மனைவிதான் எடுக்கிறாள். எடுத்து, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், “சேர் ரவுண்ட் போயிருக்காருங்க” என்கிறாள்.