பூசலார் போட்ட ஆண்டுத் திட்டம்

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடியும். விடைத்தாள் கட்டைப் பிரிப்பதற்குள் தலைமை ஆசிரியர் அறையிலிருந்து சுற்றறிக்கை வந்துவிடும்: அடுத்த ஆண்டுக்கான திட்டமிடல் கூட்டம், அனைவரும் தவறாமல் வர வேண்டும். நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் இதை நேற்று முளைத்த தொல்லை என்று நினைத்து நொந்துகொள்கிறார்கள். தொண்டை மண்டலத்தில் இதற்கு 1,300 ஆண்டு வரலாறு உண்டு. முதல் திட்டமிடல் கூட்டம் நடந்த ஊர் திருநின்றவூர். வருகை: ஒருவர்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்ன கதைதான். அந்த ஊர்ச் சிவனடியார் பூசலாருக்கு, சிவனுக்கு ஒரு கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. எங்கெங்கோ தேடிப் பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. நாமாக இருந்தால் 'நிதி வரப்பெறவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடியிருப்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள்ளேயே பொருள் சேர்த்து, தச்சர்களைத் திரட்டி, நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். ராத்திரிகூடத் தூங்காமல் வேலை வாங்கினார். விமானம், சிகரம், சுதை வேலை, மதில், குளம், கிணறு எல்லாம் எழும்பின. கிணற்றை மறக்கவில்லை, கவனியுங்கள். கட்டடத்தைத் திறந்துவிட்டுத் தண்ணீருக்கு எங்கே போவது என்று யோசிப்பது பிற்காலத்துக் கண்டுபிடிப்பு. டெண்டர் கிடையாது, ஆய்வுக் கூட்டம் கிடையாது, பயன்பாட்டுச் சான்றிதழ் கிடையாது. குடமுழுக்குக்கு நாளும் குறித்தாயிற்று.

அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னனும் குடமுழுக்கு வைத்திருந்தான். ராஜசிம்மன் என்றும், அது கைலாசநாதர் கோயில் என்றும் சொல்வார்கள். பட்ஜெட்டுக்குக் குறைவில்லை, கல்லுக்குக் குறைவில்லை, சிங்கச் சிற்பத்துக்குச் சுத்தமாகக் குறைவில்லை. முதல் நாள் இரவு கனவில் சிவன் வந்தார். "நாளைக்கு நமக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, உன்னுடையதை வேறு நாளைக்கு மாற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் வர மறுத்த முதல் விழாவும் இதுவாகத்தான் இருக்கும்.

மன்னன் படை பரிவாரத்தோடு நேரில் பார்க்கக் கிளம்பினான். ஆய்வு என்றாலே அறிவிக்காமல்தானே வருவார்கள்?

"பூசலார் கட்டிய கோயில் எங்கேப்பா?"

"மகாராஜா, அவருக்குக் குடியிருக்கிற வீடே சொல்லிக்கொள்கிறாற் போல இல்லை. கோயிலாவது?"

ஆளை அழைத்துக் கேட்டார்கள். மன்னன் கனவைச் சொல்ல, பூசலாருக்கே தூக்கிவாரிப் போட்டது. மனசில் கட்டியதை மேலிடம் ஏற்றுக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நடந்ததைச் சொன்னார். மன்னன் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினான். இன்று திருநின்றவூரில் நிஜமாகவே நிற்கும் இருதயாலீஸ்வரர் கோயில் கருவறையில் பூசலாரும் இடம் பிடித்திருக்கிறார். திட்டம் போட்டவரும் வேலை செய்தவரும் ஒரே ஆளாக இருந்தது அவரோடு முடிந்துபோனது.

திட்டத்துக்கு அடுத்தது பயிற்சி. அதற்கான காட்சி எழும்பூர். 1789இல் அங்கிருந்த ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் நம்மூர்ப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாள் செலவில்லை, மைச் செலவில்லை. ஸ்காட்லாந்துக்காரருக்குக் கண் கலங்கியிருக்கும். ஓடிவந்து தம் ஆசிரியர்களிடம், நாளை முதல் இதுதான் முறை என்றார். நம் மாகாணத்தில் நடந்த பணியிடைப் பயிற்சிகளில் இது மூத்தது என்று வைத்துக்கொள்ளலாம். பலன் என்ன? "இதெல்லாம் நடக்காத காரியம், ஐயா" என்று ஆசிரியர்கள் கைவிரித்தார்கள். பயிற்சி என்றால் ஆசிரியர் முகம் எப்படிப் போகும் என்பதில் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, நீ சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான். வேலை முடிந்தது. இதைத்தான் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை காலங்காலமாகப் பிரம்போடு செய்துகொண்டிருந்தார். பெல் ஊருக்குத் திரும்பி 1797இல் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் சட்டாம்பிள்ளைகள் உருவானார்கள். பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். சட்டாம்பிள்ளைக்கு இங்கே கிடைத்தது, வாத்தியார் இல்லாத நேரத்தில் கரும்பலகையில் பேசியவர் பெயர் எழுதும் அதிகாரம்.

பிறகு 1856இல் சென்னையில் அரசே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் மூதாதை அது. தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் என்ற முறையும் வந்தது. இன்ஸ்பெக்டர் குதிரை வண்டியில் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். பதிலைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம். அப்புறம் பிள்ளைகள் என்ன படித்திருப்பார்கள்? இன்ஸ்பெக்டர் கேட்கப்போவதை.

நம் காலத்துக்கு வருவோம். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டை, ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்காரும் பிள்ளைகள். நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் திண்ணையைத் தரைக்கு இறக்கியதற்கு அத்தனை பயிற்சியா என்று மூத்த ஆசிரியர்கள் முணுமுணுத்தால் அதிலும் நியாயம் உண்டு. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. அதில் ஒரு படி மனவரைபடம். மனசில் கோயிலே கட்டிய ஊர்ப் பக்கத்து ஆசிரியர்களை வட்டார வள மையத்தில் உட்கார வைத்து, சார்ட் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, மனசில் இருப்பதை வரையச் சொன்னார்கள். வகுப்பில் ஆசிரியர் மட்டுமே பேசக் கூடாது என்பதைப் பயிற்சி கொடுக்கும் கருத்தாளர் மதியச் சாப்பாடு வரைக்கும் தாம் மட்டுமே பேசி விளக்குவார். தேநீர் மட்டும் குறித்த நேரத்தில் வரும்.

2022 ஜூன் 13 அன்று முதல்வர் ஸ்டாலின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கி வைத்ததும் பூசலாரின் திருநின்றவூர் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தார்கள். ஆசிரியர்களை, விவரங்களைப் பதிவேற்றும் எமிஸ் செயலி பிரித்தது: சிக்னல் கிடைத்தவர், கிடைக்காதவர்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைப் போட வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். சட்டம் எழுதியவருக்குப் பூசலாரைத் தெரிந்திருக்கிறது. நடைமுறையில் திட்டம் மேலிருந்து வருகிறது, கையெழுத்து கீழிருந்து போகிறது. ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வந்த குழந்தைக்குத் தமிழ் எழுத்தை எங்கே தொடங்குவது என்பது இந்த மாவட்டத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது அந்த வகுப்பு டீச்சருக்குத்தான். அவர் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பயிற்சிக்கு அட்டவணை போடும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். முதல் நாள் முதல் மணி நேரத்தை அந்த டீச்சருக்குக் கொடுங்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாவற்றையும் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எப்படியும் அந்த நேரத்தில் எல்லாரும் தூங்குவார்கள்.