அப்பெல்லாம் அண்ணன்

இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் முறுக்கு வாங்கக்கூட எழுந்திருக்காமல், பின் வரிசைப் பக்கம் திரும்பி, "இன்னாப்பா, அந்த மட்டைய கவனிச்சியா?" என்று கேட்கிறாரே, அவர்தான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். கிலோமீட்டருக்கு ஒருவராவது தேறுவார். பெயர் எதுவானாலும் நமக்கு அவர் அப்பெல்லாம் அண்ணன்.

வயது ஐம்பதை ஒட்டி. முன்னாள் டென்னிஸ் பால் ஆல்ரவுண்டர், இந்நாள் முட்டிவலி. பழைய காலத்து விளையாட்டுப் படம் எது வந்தாலும் முதல் காட்சிக்கு ஆஜர். மற்றவர்கள் சிரிக்கப் போகிறார்கள். அண்ணன் சரிபார்க்கப் போகிறார்.

2024 ஜனவரியில் ‘ப்ளூ ஸ்டார்’ வந்தது. தொண்ணூறுகளின் அரக்கோணம், கிரிக்கெட், ரெண்டு டீம். அண்ணனுக்குச் சொல்லவா வேண்டும்? "1996 உலகக் கோப்பையில சச்சின் மட்டையில ஸ்டிக்கரே கெடையாது. எம்.ஆர்.எஃப். எல்லாம் அப்புறம்தான் வந்துது." "1997ல சேப்பாக்கத்துல சயீத் அன்வர் 194 அடிச்சப்போ டிவி கடை வாசல்ல நின்னு பார்த்தவன் நான். என்னயே ஏமாத்த முடியுமா?" ரயில் கூவினால் மீட்டர் கேஜா, பிராட் கேஜா என்று காதைத் தீட்டுவார், விழுப்புரம் ஜங்ஷன்காரராயிற்றே. படத்தில் நடிகர் பிருத்வி பேசுகிற பேச்சுக்குத் தியேட்டரே சிரிக்கும்போது, அண்ணன் பின்னால் தெரியும் மின்கம்பத்தைத் துருவிக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் விடமாட்டார். டிவியில் ‘லகான்’ போட்டால் அண்ணிக்கு அன்று விரதம். கதை நடப்பது 1893. அப்போது இங்கிலாந்தில் ஓவருக்கு ஐந்தே பந்து, ஆறானது 1900இல். படத்தில் ஆறு போடுகிறார்கள். அந்த ஒரு பந்துக்காக 2001லிருந்து ஆமிர்கானை அவர் மன்னிக்கவில்லை. "அந்த ஆறாவது பந்தை எடுத்துட்டா மட்டும் வரிய தள்ளுபடி பண்ணிடுவானா? சாப்புட்டுட்டுப் படுங்க" என்பது அண்ணியின் தீர்ப்பு.

இவ்வளவு கறாரானவர் அடித்த சிக்ஸரை மட்டும் யாரும் சரிபார்க்கக்கூடாது. 2007இல் ‘சென்னை 600028’ வந்தபோது அந்தப் பந்து ஏரிக்கரையில் விழுந்தது. 2024 செப்டம்பரில் ‘லப்பர் பந்து’ வந்தபோது தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த படம் நன்றாக ஓடினால் பண்ருட்டியில் போய்த் தேடவேண்டியிருக்கும். எப்போது அடித்தது என்று கேட்டால், "அப்பெல்லாம் நாம தென்னாற்காடு மாவட்டம்பா" என்பார். விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993இல். சாட்சி சொல்ல மாவட்டமே இல்லை.

திண்டிவனத்து அண்ணன் கொஞ்சம் வேறு ரகம். இரவுக்காட்சியில் கடைசி பஸ் கவலையிலேயே இருப்பார். கடைசி ஓவருக்கு முன்பே எழுந்துவிடுவார். எந்த அணி ஜெயித்தது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் விமர்சனம் தயார்: "படம் பைபாஸ்லயே போயிடுச்சுப்பா, ஊருக்குள்ள வரவேயில்ல." திண்டிவனத்துக்காரர் வாயிலிருந்து ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய சாபம் வராது.

ரெண்டு ஊர் அண்ணன்களும் வாயடைத்துப்போவது ஒரே இடத்தில்தான். டீக்கடையில் கல்லூரிப் பையன் ஒருத்தன் சாதாரணமாகக் கேட்டான்: "அண்ணே, அப்பெல்லாம் உங்க டீம்ல காலனிப் பசங்க ஆடுனாங்களா?"

"அப்பெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "டீ ஆறுது, குடிப்பா" என்றார். பிறகு வராத பஸ்ஸைப் பார்க்க எழுந்து போனார்.

‘ப்ளூ ஸ்டா’ரில் ஊருக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம். ‘லப்பர் பந்’தில் நன்றாக ஆடத் தெரிந்தவனுக்குச் சாதி பார்த்து டீமில் இடம் மறுக்கிறார்கள். சிரிப்பும் விசிலுமாக ஓடிய ரெண்டு படமும் கேட்டது அந்தப் பையன் கேட்டதைத்தான். ஸ்டிக்கர், மின்கம்பம், தண்டவாளம் எல்லாம் பார்த்த அண்ணன் கண்ணில் அது மட்டும் படவில்லை.

காலம் சரியாக இருக்கிறதா என்று படத்தைச் சோதிப்பது நல்ல பழக்கம். அண்ணன்மார்கள் அதைத் தொடரட்டும். அப்படியே தங்கள் பழைய டீம் போட்டோவையும் ஒருமுறை எடுத்து, அதில் யார் யார் இல்லை என்று பார்த்துவிடட்டும். அதுவரை அவர்கள் விமர்சனத்துக்குப் பாதி மார்க்தான்.